கணினி அறிவியல் துறையில் பாடமும் ஆய்வும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பாடம் நடத்துவது, பிஎச்.டி. ஸ்காலர்களுக்குக் கைடாக இருப்பது, பாடத்திட்டக் குழுவில் உட்காருவது என்று என் வேலைக்காலம் முழுவதும் கணினி அறிவியல் துறையிலேயே போயிருக்கிறது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். சில பதில்கள் நீண்டுவிட்டன; அவற்றைச் சுருக்க மனம் வரவில்லை.

முதலாண்டு மாணவி, அரசு பொறியியல் கல்லூரி: தமிழ் வழியில் படித்து வந்தேன் சார். வகுப்பில் நடத்தும் சி புரோகிராம் புரிகிறது. லேபில் தனியாக உட்கார்ந்தால் ஒரு வரிகூட எழுத வரவில்லை. எனக்கு இந்தப் படிப்பு ஒத்துவராதா?

ஒத்துவரும் அம்மா. தமிழ் வழியில் படித்ததை இதற்குக் காரணமாக நினைக்காதீர்கள். 2001-இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு, வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த நான்கு பல்கலைக்கழகங்களில் ஆரம்ப நிலை புரோகிராமிங் பாடம் முடித்த 216 பேருக்குச் சோதனை வைத்தது. 110 மதிப்பெண்ணுக்குச் சராசரி 22.89 தான் வந்தது. உங்கள் நிலையில் உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

படித்துப் புரிந்துகொள்வதற்கும் தானாக எழுதுவதற்கும் நடுவில் இரண்டு மூன்று படிகள் உண்டு. நம் கல்லூரிகளில் அவற்றைத் தாண்டி ஓடிவிடுகிறோம். முதல் படி, காகிதத்தில் ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் கட்டத்தில் என்ன மதிப்பு இருக்கிறது என்று அடித்து எழுதுங்கள். அடுத்தது, நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸும் பட்ரிஷியா ஹேடனும் 2006-இல் அறிமுகப்படுத்திய பயிற்சி. சரியான புரோகிராமின் வரிகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கலைத்துவிட்டு, மறுபடி வரிசைப்படுத்துவது. தோழியோடு சேர்ந்து செய்யலாம். மூன்றாவது, ஓடும் புரோகிராமைக் கொஞ்சம் மாற்றுவது. மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் புரோகிராமை எடுத்து, இரண்டாவது பெரிய எண்ணைச் சொல்லும்படி மாற்றுங்கள். 7, 3, 9, 9, 2 என்று கொடுத்தால் விடை 9-ஆ, 7-ஆ? இதை முதலில் தமிழிலேயே யோசித்து முடிவு செய்யுங்கள். அந்த முடிவுக்கு வந்த பிறகு சி-யில் எழுதுவது சின்ன வேலை.

ஆசிரியர்களுக்கும் இங்கே ஒன்று சொல்கிறேன். ரெக்கார்டு நோட்டில் புரோகிராமைப் பார்த்து எழுத வைப்பதால் ஒருவருக்கும் புரோகிராமிங் வராது. அந்த நேரத்தில் பாதியை இந்தப் பயிற்சிகளுக்குக் கொடுங்கள், தயவுசெய்து.

இறுதியாண்டு மாணவர், சேலம்: எம்.இ. படிக்காமல் நேராகப் பிஎச்.டி. சேர முடியுமா? வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலையும் இருக்கிறது.

முடியும் தம்பி. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகளின்படி நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்குக் கூடுதலாகவும் கேட்கலாம், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆய்வு தனக்குப் பிடிக்குமா என்று இன்னும் தெரியாதவர்களுக்கு நான் சொல்வது சென்னை ஐஐடி போன்ற இடங்களில் உள்ள எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்பு. பாடங்கள் குறைவு, ஒரு பிரச்சினையோடு நீண்ட நாள் இருக்கலாம். பிடித்தால் பிஎச்.டி.க்கு மாறலாம், பிடிக்காவிட்டால் ஒரு பட்டத்தோடு வெளியே வரலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். சீனியர் ஃபெல்லோ ஆனதும் 42,000. இவை 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தொகைகள். வீட்டு வாடகைப்படி தனி. கையில் ஃபெல்லோஷிப் இல்லாமல், 'சேர்ந்த பிறகு ஏதாவது கிடைக்கும்' என்று யாராவது சொன்னதை நம்பிச் சேராதீர்கள். உங்கள் குடும்ப நிலையில் அது மிகவும் கஷ்டம். கிடைக்கும் தொகையும் சில சமயம் தாமதமாகத்தான் வரும். சில மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பெற்றோர், தஞ்சாவூர்: பையனுக்கு சிஎஸ்இ எடுப்பதா, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் எடுப்பதா ஐயா?

இரண்டும் ஒரே கல்லூரியில் என்றால் சிஎஸ்இ. ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், கம்பைலர், அல்காரிதம் இந்த நான்கும் உறுதியாக வந்தால் ஏஐ-யைப் பின்னால் கற்றுக்கொள்ளலாம். துறையின் பெயரைவிட, அந்தத் துறையில் பாடம் நடத்துபவர்கள் எத்தனை வருடமாக அங்கேயே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வருடா வருடம் ஆசிரியர்கள் மாறும் துறையில் சேர்க்க வேண்டாம்.

உதவிப் பேராசிரியர், சுயநிதிக் கல்லூரி: வாரம் முழுக்க வகுப்பு, லேப், மென்டர் மீட்டிங், என்பிஏ தரச்சான்று ஃபைல். சிஓ-பிஓ (பாட விளைவு, படிப்பு விளைவு) கணக்குப் போட்டே செமஸ்டர் முடிகிறது. பகுதிநேரப் பிஎச்.டி. பதிவு செய்துவிட்டு ஒன்றும் நகரவில்லை. என்ன செய்வது சார்?

எனக்கு வந்ததில் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. உங்கள் சோர்வு நியாயமானது. யுஜிசியின் 2018 விதிகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு என்கின்றன. அந்த 16-க்குப் பின்னால் தயாரிப்பும் பேப்பர் திருத்துவதும் இருக்கின்றன. அட்மிஷன் சமயத்தில் ஊர் ஊராகப் போகச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு. 2014-இல் இந்தியா, பொறியியல் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் அங்கீகரிக்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினரானதிலிருந்து, கற்றல் விளைவுகளை அளந்து காட்டும் முறை நம் பொறியியல் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. நோக்கம் நல்லது. மாணவன் என்ன கற்றான் என்று கேட்பதில் தவறில்லை. அதற்கான எக்செல் ஷீட்டை நிரப்புவதே ஆசிரியரின் முதல் வேலையாகிப்போனது பெரிய இழப்பு. நிர்வாகங்கள் இதற்கென ஓர் அலுவலரை நியமித்தால் ஒவ்வொரு துறையிலும் ஒரு ஆசிரியரின் நேரமாவது மீளும்.

அது நடக்கும்வரை நீங்கள் செய்யக்கூடியது, ஆய்வையும் பாடத்தையும் ஒன்றாக்குவது. உங்கள் ஆய்வு நெட்வொர்க்கில் இருந்தால், இரண்டு மூன்று செமஸ்டர் தொடர்ந்து அதே பாடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஹெச்ஓடி-யிடம் வாயைத் திறந்து கேளுங்கள். கேட்காதவருக்கு மிச்சமிருக்கும் பாடம்தான் வரும். இறுதியாண்டு புராஜெக்ட் குழுக்களுக்குத் தனித்தனித் தலைப்பு கொடுக்காமல், உங்கள் பிரச்சினையையே சிறு சிறு துண்டாகக் கொடுங்கள். ஒரு குழு பழைய பேப்பர் ஒன்றின் முடிவை மறுபடி ஓட்டிப் பார்க்கட்டும். இன்னொரு குழு டேட்டாவைச் சுத்தம் செய்யட்டும். அவர்கள் பெயரும் கட்டுரையில் வர வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. இன்னொன்று: வாரத்தில் ஒரு காலை நேரம், இரண்டு மணி நேரமாவது, ஃபைலும் போனும் இல்லாமல் நூலகத்தில் உட்காருங்கள். விடுமுறைக்கு என்று தள்ளிவைத்த ஆய்வு விடுமுறையிலும் நடப்பதில்லை. என் ஸ்காலர்கள் பலரிடம் பார்த்துவிட்டேன்.

எம்.எஸ்சி. மாணவி, அரசு கலைக் கல்லூரி: எங்கள் லேபில் பழைய கணினிகள்தான். ஏஐ மாடல்களை வேகமாக ஓட்டும் ஜிபியு சிப் கிடையாது. எங்களைப் போன்றவர்கள் ஆய்வு பற்றி யோசிக்கலாமா?

தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்று இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். கிஃப்ட் புள்ளியியல், ராணி அம்மையார் கணிதம். அவர்களும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, நம் வாசல் கோலங்களை வரிசை இலக்கணங்கள் என்ற கணித அமைப்பால் விவரித்தது. ஒரு வாக்கியத்தை விதிகளால் உருவாக்குவது போல, இரு பரிமாணத்தில் பரவும் ஒரு படத்தையும் சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி உருவாக்கலாம் என்பது இந்த இலக்கணங்களின் அடிப்படை. கோலத்தின் சிறு துண்டுகளுக்கு ஆளுக்கொரு குறியீடு. அந்தக் குறியீடுகள் எப்படி விரியும் என்பதற்கு விதிகள். மூன்று புள்ளிக் கோலம் முப்பது புள்ளிக் கோலமாக வளர அதே விதிகள் போதும். பட மொழிகள் என்ற துறையில் உலகம் மேற்கோள் காட்டும் வேலை அது. அதற்கு வேண்டியிருந்தவை காகிதம், பேனா, மார்கழிக் காலையில் தெருவைக் கவனித்த கண். ராணி சிரோமணி பிற்பாடு சென்னைக் கணிதவியல் கழகத்திலும் பணியாற்றினார்.

எனவே யோசிக்கலாம். தாராளமாக. ஆட்டோமேட்டா, கிராஃப் கோட்பாடு, அல்காரிதம் பக்கம் வந்தால் இயந்திரம் தடையே இல்லை. தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரியில் கணிதவியல் கழகமும் இதற்கென்றே இருக்கின்றன. அங்கே நடக்கும் உரைகளுக்குப் போய் உட்காருங்கள், மின்னஞ்சலில் கேள்வி கேளுங்கள். மெஷின் லேர்னிங்தான் வேண்டும் என்றால், பெரிய மாடலைப் பயிற்றுவிப்பதில் போட்டி போடாதீர்கள். மதிப்பிடும் பக்கம் வாருங்கள். பேச்சுத் தமிழில், வட்டார வழக்கில், பிழையோடு எழுதிய தமிழில் இன்றைய மாடல்கள் எங்கே தடுமாறுகின்றன? உங்கள் ஊர்ப் பேச்சைத் தெரிந்த உங்களால்தான் அந்தச் சோதனைத் தொகுப்பை நன்றாக உருவாக்க முடியும். ஓட்டிப் பார்க்க, இணையத்திலேயே புரோகிராம் ஓட்டும் கூகுள் கோலாபின் இலவச வசதி ஆரம்பத்துக்குப் போதும்.

பகுதிநேர ஸ்காலர், கோவை: 'ஸ்கோபஸ் (ஆய்விதழ் தரவுத்தளம்) ஜர்னலில் பதினைந்து நாளில் பப்ளிகேஷன், ஆசிரியர் பெயரும் சேர்த்துத் தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. எல்லோரும் செய்கிறார்களே?

வேண்டாம். எல்லோரும் செய்வதில்லை, செய்பவர்கள் பிடிபடவும் செய்கிறார்கள். 2023-இல் ஒரே வருடத்தில் ஹிண்டாவி நிறுவனத்தின் ஜர்னல்களிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஹிண்டாவியை வாங்கியிருந்த வைலி நிறுவனம் அந்தப் பெயரையே கைவிட முடிவு செய்தது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இணையத்திலிருந்து மறைந்துவிடாது. திரும்பப் பெற்ற அறிவிப்போடு, உங்கள் பெயரோடு, நீங்கள் பணி ஓய்வு பெறும்வரை அங்கேயே இருக்கும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் ஜர்னலில் கட்டுரை வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி தன் 2022 விதிகளில் எடுத்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை வைத்திருக்கின்றன, உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். எண்ணிக்கையைத் துரத்தும் பழக்கம் நம் ஸ்காலர்களை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்பதை வைவா என்ற வாய்மொழித் தேர்வில் உட்காரும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். 'இந்த வரைபடத்தில் இந்தக் கோடு ஏன் இங்கே இறங்குகிறது?' என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அந்தப் புரோகிராமை ஓட்டியவர் வேறு ஒருவர். நீங்களே ஓட்டி, நீங்களே வரைந்த ஒரு கட்டுரை போதும். அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

அதே ஸ்காலர்: அப்படியானால் ஜர்னலா, கான்ஃபரன்ஸா?

நம் துறையில் நல்ல வேலை முதலில் கான்ஃபரன்ஸில்தான் வரும். அல்காரிதத்தில் எஸ்டிஓசி, நெட்வொர்க்கில் சிக்காம், மெஷின் லேர்னிங்கில் நியூரிப்ஸ். நம் விதிகளை எழுதியவர்கள் பிற அறிவியல் துறைகளை மனதில் வைத்து ஜர்னல் என்றே எழுதிவிட்டார்கள். கான்ஃபரன்ஸுக்கு அனுப்புங்கள், பிறகு விரிவாக்கி ஜர்னலுக்கு. ஹோட்டலில் நடந்து எல்லோரையும் ஏற்றுக்கொள்ளும் 'சர்வதேச' கான்ஃபரன்ஸ் இந்தக் கணக்கில் வராது.

கௌரவ விரிவுரையாளர், மதுரை: மாணவர்கள் அசைன்மென்டை சாட்ஜிபிடியில் எழுதித் தருகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதைக் கண்டுபிடிக்க 1994-இலிருந்தே மாஸ் என்ற கருவி இருக்கிறது. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லும் கருவிகளை நம்பி ஒரு மாணவனைத் தண்டிக்காதீர்கள், நிரபராதியும் மாட்டுவான். அசைன்மென்ட் மதிப்பெண்ணைக் குறைத்து, ஐந்து நிமிட நேர்காணலுக்கு மதிப்பெண்ணைக் கூட்டுங்கள். 'இந்த லூப்பை ரெகர்ஷனாக மாற்று', 'காலி லிஸ்ட் கொடுத்தால் என்ன ஆகும்?' இப்படி இரண்டு கேள்வி போதும். அறுபது பேரையும் ஒரே வாரத்தில் கேட்க முடியாது. வாரம் பதினைந்து பேரைக் குலுக்கிப்போட்டு எடுங்கள். தன் பெயர் வரலாம் என்று தெரிந்தால் எல்லோரும் படித்துவிட்டு வருவார்கள்.

முதலாண்டு ஸ்காலர், சென்னை: ஒரு பேப்பர் படிக்க ஒரு வாரம் ஆகிறது, அப்படியும் புரிவதில்லை.

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காதீர்கள். கணினி அறிவியல் பேராசிரியர் எஸ். கேசவ் 2007-இல் எழுதிய மூன்று சுற்று முறையைப் பழகுங்கள். முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. பத்து நிமிடம் போதும். பெரும்பாலான பேப்பர்களை அங்கேயே வைத்துவிடலாம். இரண்டாவதில் படங்களையும் அட்டவணைகளையும் பாருங்கள், நிரூபணங்களை விடுங்கள். மூன்றாவது சுற்று, அதே வேலையை நீங்களே மனதில் மறுபடி செய்து பார்ப்பது. அது வருடத்துக்குச் சில பேப்பர்களுக்கு மட்டும். பழைய கட்டுரைகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஏசிஎம் என்ற கணினி அறிவியல் சங்கம் தன் முதல் ஐம்பது ஆண்டுக் கட்டுரைகளை, 1951 முதல் 2000 வரை, 2022-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

பெயர் வெளியிட விரும்பாத ஸ்காலர்: கைடு சந்திக்கவே நேரம் தருவதில்லை. மாற்றக் கேட்டால் பகையாகிவிடுமோ?

செமஸ்டருக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நீங்கள் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் கூட்டத்தைக் கேட்டு நடத்தவையுங்கள். அதற்கு முன்பு இரண்டு பக்கத்தில் 'இதுவரை செய்தது, தடைபட்டிருப்பது, உங்களிடம் எனக்கு வேண்டியது' என்று எழுதிக் கைடுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பல கைடுகள் எழுத்தில் கேட்டால் பதில் தருவார்கள். இரண்டு முறை அனுப்பியும் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சல்களோடு குழு உறுப்பினர் ஒருவரிடம் போங்கள். மாற்றம் கேட்பது உங்கள் உரிமை. மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்காமல் இந்த செமஸ்டரிலேயே கேளுங்கள்.