பட்டா யார் பெயரில், உழுதவர் யார்: பாலஸ்தீனம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

இஸ்ரேல்–பாலஸ்தீனச் சிக்கலின் வரலாறு குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு, மேற்காசிய வரலாற்றைப் பல ஆண்டுகள் கற்பித்த ஒருவர் தரும் பதில்கள்.

கேள்வி: ஐயா, இது ஈராயிரம் ஆண்டுகளாக நடக்கும் யூத–இஸ்லாமிய மதச் சண்டைதானே? இதற்கு எப்படித் தீர்வு வரும்?

இந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இஸ்லாம் தோன்றியே சுமார் 1,400 ஆண்டுகள்தான் ஆகின்றன. உதுமானியப் பேரரசின் நானூறு ஆண்டு ஆட்சியில் ஜெருசலேம், ஹெப்ரான், சஃபேத், திபேரியாஸ் ஆகிய ஊர்களில் யூதர்கள் சிறுபான்மையாக வாழ்ந்தே வந்தார்கள். அந்தக் காலத்தில் யூதர்கள் உயிருக்கு அஞ்சி ஓடியது ஐரோப்பாவில். 1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் அவர்கள் வாழ்ந்த ஊர்கள் மீண்டும் மீண்டும் சூறையாடப்பட்டன. தப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்காவுக்குப் போனார்கள், சிறு பகுதியினர் பாலஸ்தீனம் வந்தார்கள். 1897இல் தியோடர் ஹெர்சல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் கோரிய சியோனிச இயக்கத்தின் முதல் மாநாட்டைக் கூட்டினார். ஆக, இந்தச் சிக்கலின் வயது ஒன்றரை நூற்றாண்டுக்கும் குறைவு. மதம் இதைப் பலமுறை கொழுந்துவிட்டு எரிய வைத்திருக்கிறது. ஆனால் வேர் நிலத்திலும், அந்த நிலத்தை ஆளும் உரிமை யாருக்கு என்பதிலும் இருக்கிறது.

கேள்வி: பாலஸ்தீனர்களே காசு வாங்கிக்கொண்டு நிலத்தை விற்றார்களாமே? விற்றுவிட்டுப் பிறகு அழுவதில் என்ன நியாயம்?

விற்றவர் யார், உழுதவர் யார் என்று பிரித்துப் பாருங்கள். 1858இல் உதுமானிய அரசு நிலத்தைப் பெயரில் பதிவு செய்யச் சொல்லிச் சட்டம் போட்டது. வரிக்கும், படைக்கு ஆள் பிடிப்பதற்கும் பயந்த உழவர்கள் பலர் பதியாமல் விட்டார்கள். நகரத்துச் செல்வர்கள் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள். மர்ஜ் இப்னு ஆமிர் என்ற செழிப்பான சமவெளியில் பெரும்பகுதி இப்படித்தான் பெய்ரூட்டில் வாழ்ந்த சுர்சுக் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. 1920களில் அக்குடும்பம் அதை யூத நிலக் கொள்முதல் அமைப்புகளுக்கு விற்றது. சட்டப்படி அது செல்லுபடியாகும் கிரயம்தான். ஆனால் அங்கே தலைமுறை தலைமுறையாக உழுதுகொண்டிருந்த குத்தகைதாரர்கள் ஊரையே காலி செய்ய வேண்டியதாயிற்று. அந்தக் கொள்முதல் அமைப்புகளில் ஒன்றான யூத தேசிய நிதியம் வாங்கிய நிலத்தில் யூதர்களே உழைக்க வேண்டும் என்ற கொள்கை இருந்ததால், கூலிக்குக்கூட அந்தக் குத்தகைதாரர்களுக்கு அங்கே இடமில்லை.

உள்ளூர்ப் பிரமுகர்களும் விற்றார்கள். மேடையில் விற்பனையை எதிர்த்துப் பேசிய சிலரே இரவில் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள் என்பதும் உண்மை. இருந்தும் 1947 வரை யூதர்கள் வாங்கிச் சேர்த்தது மொத்த நிலத்தில் ஏறத்தாழ 7 சதவீதம்தான். எஞ்சியது கைமாறியது போரினால்.

கேள்வி: பால்ஃபர் பிரகடனத்தை யூதர்கள் எல்லோருமே வரவேற்றார்களா?

இல்லை. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசியத் தாயகம் அமைய ஆதரவு தருவதாகப் பிரிட்டன் சொன்ன, 1917 நவம்பர் 2 தேதியிட்ட அந்தக் கடிதத்தைப் பிரிட்டிஷ் அமைச்சரவையில் மிகக் கடுமையாக எதிர்த்தவர் எட்வின் மாண்டேகு. நம் பள்ளிப் பாடத்தில் வரும் மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின் அதே மாண்டேகுதான். அன்று இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த அவர், அந்த அமைச்சரவையின் ஒரே யூதர். யூதர்களுக்கென ஒரு தாயகம் அறிவிக்கப்பட்டால், மற்ற நாடுகளில் குடிமக்களாக வாழும் யூதர்களை அந்நியர்களாகப் பார்ப்பார்கள் என்று வாதிட்டார். அவர் பேச்சு எடுபடவில்லை.

பிரகடனத்தில் அந்த மண்ணின் பெரும்பான்மையான அரபு மக்களின் பெயரே இல்லை. ‘யூதரல்லாத சமூகங்கள்’ என்று மட்டும் குறிப்பிட்டு, அவர்களின் சிவில் உரிமைக்கும் மத உரிமைக்கும் பங்கம் வராது என்றது. அரசியல் உரிமை பற்றி ஒரு சொல் இல்லை. 1922 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட யூதர்கள் 11 சதவீதம்தான்.

கேள்வி: 1947இல் ஐ.நா. பிரிவினையை அரபுத் தரப்பு ஏற்றிருந்தால் இன்று தனிநாடு இருந்திருக்குமே?

இருந்திருக்கலாம். ஆனால் அன்று அவர்கள் முன் வைக்கப்பட்ட கணக்கைப் பாருங்கள். மக்களில் மூன்றில் ஒரு பங்கினராக இருந்த யூதர்களுக்குப் பாதிக்கும் மேற்பட்ட நிலம். அந்த யூத நாட்டுக்குள்ளேயே ஏறத்தாழ பாதிப் பேர் அரபு மக்கள். எந்தச் சமூகம் மனமுவந்து ஒப்புக்கொள்ளும்?

மறுபக்கத்தையும் மனத்தில் வையுங்கள். அறுபது லட்சம் யூதர்கள் நாஜிகளால் கொல்லப்பட்டு முடிந்த நேரம் அது. பிழைத்தவர்கள் ஐரோப்பிய முகாம்களில் கிடந்தார்கள். எந்தப் பெரிய நாடும் அவர்களுக்குக் கதவை அகலத் திறக்கவில்லை. தங்களுக்கென ஒரு நாடு வேண்டும் என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

அரபுத் தலைமையின் பிழை, மறுத்ததில் அல்ல, மறுத்த பின் கையில் எந்தத் திட்டமும் இல்லாததில் இருக்கிறது என்பது என் கருத்து. 1936–39 அரபுக் கிளர்ச்சியை அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டன் நசுக்கியதில் தலைவர்கள் பலர் சிறையிலோ நாடு கடந்தோ இருந்தார்கள். முதன்மைத் தலைவரான ஜெருசலேம் முஃப்தி (இஸ்லாமிய மதத் தலைவர்) அமீன் அல்-ஹுசைனி 1941இல் பெர்லினுக்குப் போய் ஹிட்லரைச் சந்தித்தவர். அந்தக் களங்கத்தை எதிர்த்தரப்பு இன்றுவரை பயன்படுத்துகிறது.

கேள்வி: 1948இல் பாலஸ்தீனர்கள் தாமாக ஓடினார்களா, துரத்தப்பட்டார்களா?

இஸ்ரேல் நாடு உருவான அந்தப் போரில் ஊருக்கு ஊர் கதை வேறு. ஏப்ரல் 9 அன்று டெய்ர் யாசீன் என்ற அரபு ஊரில் யூத ஆயுதக் குழுக்களால் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அச்செய்தி பரவியதே பல ஊர்களைக் காலியாக்கியது. நான்கு நாள் கழித்து ஜெருசலேமில் யூதர்கள் நடத்திய ஹடாஸா மருத்துவமனைக்குச் சென்ற வாகன வரிசையைத் தாக்கி, எழுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள், செவிலியர் முதலானோரை அரபுப் படையினர் கொன்றார்கள். ஹைஃபாவில் யூத மேயர் அரபு மக்களைப் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஜூலையில் லித்தா, ரம்லா நகரங்களிலோ பல்லாயிரம் பேர் இஸ்ரேலிய இராணுவ உத்தரவின் பேரில் கொளுத்தும் வெயிலில் நடத்தி வெளியேற்றப்பட்டார்கள்.

மொத்தம் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தார்கள். எப்படிப் போனார்கள் என்பதைவிட, துப்பாக்கி ஓய்ந்த பிறகும் திரும்ப விடவில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. திரும்பி வந்து அமைதியாக வாழ விரும்புவோரை அனுமதிக்க வேண்டும் என்று ஐ.நா. 1948 டிசம்பரில் 194ஆம் தீர்மானத்தில் சொன்னது. நடக்கவில்லை.

மஜ்தல் என்ற நெசவாளர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எஞ்சியிருந்த அரபு மக்களும் போர் முடிந்த பின், 1950இல், காசாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஊர் இன்றைய அஷ்கெலானின் பகுதி. நெசவாளர்கள் காசாவில் மறுபடி தறி போட்டு, மஜ்தலாவி என்ற பெயரிலேயே துணி நெய்தார்கள்.

கேள்வி: அரபு நாடுகளிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேசத்தான் வேண்டும். 1950–51இல் ஈராக்கிலிருந்து மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் குடியுரிமையையும் சொத்தையும் இழந்து வெளியேறினார்கள். பழம்பெரும் பாக்தாத் யூதச் சமூகமே கலைந்துபோனது. ஆனால் அந்தச் சொத்தைப் பறித்தவர் பாலஸ்தீன உழவர் அல்லர். ஒருவர் இழப்பை இன்னொருவர் இழப்பில் கழிக்க முடியாது.

கேள்வி: ஓஸ்லோ ஒப்பந்தம் ஏன் தோற்றது?

1993இல் அந்த அமைதி ஒப்பந்தத்துக்காக இஸ்ரேலியப் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் கைகுலுக்கியபோது எல்லை, ஜெருசலேம், அகதிகள், 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய பகுதிகளில் எழுந்த யூதக் குடியேற்றங்கள் ஆகிய நான்கையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். அந்த இடைவெளியில் இரு பக்கத்துத் தீவிரவாதிகளும் புகுந்தார்கள். 1994 பிப்ரவரியில் ஹெப்ரான் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றான். ஹமாஸ் என்ற பாலஸ்தீன இஸ்லாமிய ஆயுத இயக்கம் பேருந்துகளில் தற்கொலைத் தாக்குதல் நடத்தியது. 1995 நவம்பரில் ராபினையே ஒரு யூதத் தீவிரவாதி சுட்டுக் கொன்றான். குடியேற்றங்கள் மட்டும் எல்லா அரசுகளின் காலத்திலும் வளர்ந்துகொண்டே போயின.

கேள்வி: 2023 அக்டோபர் 7க்கு முன் எல்லாம் அமைதியாகத்தானே இருந்தது?

இஸ்ரேலியர்கள் பலருக்கு அப்படித் தோன்றியது. 365 சதுர கிலோமீட்டர் காசாவில் இருபது லட்சம் பேர் 2007 முதல் முற்றுகைக்குள் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் 1948 அகதிகளும் அவர்களின் வழித்தோன்றல்களும். இதைச் சொல்வதால் அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையில் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரைப் பிடித்துச் சென்ற செயல் நியாயமாகிவிடாது, அது குற்றம். அதற்குப் பதில் என்று சொல்லி இஸ்ரேல் நடத்திய, காசா சுகாதார அமைச்சகக் கணக்கின்படி 60,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட போரையும் அதே அளவுகோலால்தான் நான் அளக்கிறேன்.

கேள்வி: இந்தியா அன்று யார் பக்கம்?

1947 ஐ.நா. பிரிவினைத் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதற்கு முன் ஐ.நா. குழுவில் இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் சேர்ந்து, ஜெருசலேமைத் தலைநகராகக் கொண்ட கூட்டாட்சி நாடு ஒன்றை மாற்றுத் திட்டமாக முன்வைத்தன. இரு தரப்பும் அதை விரும்பவில்லை. இஸ்ரேலை இந்தியா 1950இல் அங்கீகரித்தது, முழுத் தூதரக உறவு 1992இல்தான் ஏற்பட்டது. பாலஸ்தீன நாட்டை 1988இலேயே அங்கீகரித்துவிட்டது.