அசுவினிக்குள் ஒரு குடித்தனம்

கே: அவரைக்கொடியில் அப்பும் அசுவினிப் பூச்சியின் உடம்புக்குள் ஒரு பாக்டீரியா கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் குடியிருக்கிறதாமே, யார் பார்த்தது?
– வாசகி, திண்டுக்கல்

ப: யாரும் பார்க்கவில்லை, வம்சாவளி வரைந்தார்கள். செடிச்சாற்றில் இல்லாத அமினோ அமிலங்களை அசுவினிக்குச் சமைத்துத் தருவது புக்னெரா என்ற பாக்டீரியா. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகிறது. அப்படியானால் அசுவினி இனம் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் புக்னெராவும் பிரிந்திருக்க வேண்டும், இல்லையா? பூச்சிக்கு ஒரு வம்சாவளி மரம், பாக்டீரியாவின் மரபணுவை வைத்து இன்னொரு மரம். இரண்டையும் எதிரெதிரே வரைந்து, ஒவ்வொரு அசுவினியையும் அதன் புக்னெராவையும் ஜோடியாகக் கோட்டால் இணைப்பார்கள். கோடுகள் குறுக்கே வெட்டினால், பாக்டீரியா எங்கோ வீடு மாறியிருக்கலாம். வெட்டாவிட்டாலும் தற்செயலோ என்று சந்தேகம் வரும். அதற்குக் கணினியில் ஜோடிகளைச் சீட்டுக்கட்டு மாதிரி ஆயிரம் தடவை கலைத்து, அப்போதும் இவ்வளவு பொருந்துகிறதா என்று பார்ப்பது வழக்கம்.

1993-இல் பரிணாம உயிரியலாளர் நான்சி மோரன் குழு ஒப்பிட்டபோது இரண்டு மரங்களும் அப்படியே பொருந்தின. சரி, வயது? புக்னெராவுக்குப் புதைபடிவம் கிடையாது, அசுவினிக்கு உண்டு. பூச்சியின் ஜாதகத்தை வைத்து குடித்தனக்காரருக்கு வயது சொன்னார்கள்: 16 முதல் 28 கோடி ஆண்டுகள்! நான் போன வாரம் என் மொச்சைச் செடியில் வேப்பெண்ணெய் அடித்தது இவர்கள் மேல்தான்.