கீபோர்டில் 'ஃபூர் அலினா' உயிரில்லாமல் கேட்கிறதா?

அக்கா, 'ஃபூர் அலினா' என்ற பியானோ இசையைப் பற்றி, "ஸ்வரமெல்லாம் சரிதான், ஆனால் மகள் வாசித்தால் உயிரே இல்லை, பாட்டே இவ்வளவுதானா?" என்று கேட்டிருந்தீர்கள். பாட்டில் குறையே இல்லை. உங்கள் 61 கட்டை கீபோர்டில் சஸ்டெயின் பெடல் (விரலை எடுத்த பிறகும் ஒலியை நீடிக்க வைக்கும் கால் மிதி) இல்லை என்றீர்களே, அதுதான் காரணம். விரலை எடுத்ததும் ஒலி அறுந்துவிடுகிறது. முதலில் அந்தப் பெடலை வாங்கி மாட்டுங்கள்.

எஸ்தோனியாவில் 1935-இல் பிறந்த இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட், சில வருடங்கள் பெரிதாக எதுவும் எழுதாமல் பழைய தேவாலய இசையிலேயே மூழ்கிக் கிடந்து, 1976-இல் எழுதியது இது. இதில் அவர் கையாண்ட பாணிக்கு வைத்த பெயர் 'டின்டினாபுலி'. லத்தீனில் சிறு மணி என்ற சொல்லிலிருந்து வந்தது. வலது கையில் மெட்டு. இடது கை, ஏறக்குறைய முழுக்க, பி மைனர் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றும். தாளக் குறியே கிடையாது, அதனால் கீபோர்டின் ரிதத்தை அணைத்துவிடுங்கள்.

அப்புறம், ஒரு நாள் பாப்பாவை மதுரை கீழவெளி வீதி மாதா கோயில் பக்கம் கூட்டிப் போங்கள். மணி அடித்த பிறகு அந்த ரீங்காரம் எப்படி அடங்குகிறது என்று கண்ணை மூடிக் கேட்கட்டும். வீட்டுக்கு வந்ததும், ஒவ்வொரு வரியின் கடைசி ஸ்வரத்தையும் அப்படியே அடங்க விட்டு அடுத்ததைத் தொடச் சொல்லுங்கள். அவசரமே வேண்டாம். வாசித்ததும் எப்படி வந்தது என்று கட்டாயம் எழுதுங்கள்.