மூளைக் கட்டிக்குள் வைரஸை விடுவது எதற்கு?

கேள்வி: என் அண்ணனுக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி. வைரஸை ஊசியால் கட்டிக்குள் செலுத்தி மரபணு சிகிச்சை தருவதாகப் படித்தேன். அது நல்ல செல்களையும் அழித்துவிடாதா?

பதில்: நியாயமான பயம்தான். 1990-களின் தொடக்கத்தில் எலிகளிடம் செய்து பார்த்த முறையைச் சொன்னால் சூட்சுமம் புரியும். அதில் பயன்பட்டது ரெட்ரோவைரஸ். பிரிந்து பெருகும் செல்லுக்குள்தான் அதனால் மரபணுவைச் சேர்க்க முடியும். நம் நரம்பு செல்கள் பிரிவதில்லை, புற்றுச் செல்களோ ஓயாமல் பிரிகின்றன, அதனால் வைரஸ் பெரும்பாலும் அவற்றில்தான் போய்ச் சேரும். சேர்ந்தாலும் அது கொல்வதில்லை. தைமிடின் கைனேஸ் என்ற நொதிக்கான மரபணுவை மட்டும் வைத்துவிடும். அப்புறம் கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ரத்தத்தில் ஏற்றுவார்கள். அந்த நொதி உள்ள செல்லில் மருந்து நஞ்சாக மாறி, டி.என்.ஏ. நகலெடுப்பதையே நிறுத்திவிடும். ஒட்டியிருக்கும் புற்றுச் செல்களுக்கும் அந்த நஞ்சு கடந்துபோய் அவற்றையும் சாகடிக்கும், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கேள்வி: பிறகு ஏன் எல்லோருக்கும் தருவதில்லை?

பதில்: மனிதர்களிடம் எடுபடவில்லை. 248 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2000-ல் வந்தபோது ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. வைரஸ் ஊசி போட்ட இடத்தைத் தாண்டி அதிகம் பரவவில்லை, இந்தப் புற்றோ ஒரே இடத்தில் நிற்காமல் நல்ல திசுவுக்குள் ஊடுருவிவிடும்.

அதனால் இப்போது புற்றுச் செல்லுக்குள் தானே பெருகி அதை வெடிக்கச் செய்யும் வைரஸ்களை நம்புகிறார்கள். ஹெர்பிஸ் வைரஸின் மூன்று மரபணுக்களை மாற்றி உருவாக்கிய ஜி47 டெல்டாவுக்கு ஜப்பான் 2021-ல் நிபந்தனையோடு அனுமதி தந்தது. ஆய்வில் இருந்தவர்கள் 19 பேர்தான். ஓராண்டு கழித்து 84 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால் இதைத் தீர்வு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம்பிக்கை தருகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது? இதற்காகக் காத்திருந்து அறுவை சிகிச்சையையோ கதிர்வீச்சையோ டெமோசோலமைடு என்ற கீமோதெரபி மாத்திரையையோ தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சேரக்கூடிய ஆய்வு ஏதும் உண்டா என்று புற்றுநோய் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். மூளை வீக்கத்துக்காக அண்ணன் டெக்ஸாமெத்தசோன் எடுத்தால் அந்த அளவையும் சொல்லுங்கள், அதிக அளவு எடுப்பவர்களைப் பல ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. அதற்காக நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.