முத்துக்கு ‘ட்ரிபிள் ஏ’ சான்றிதழ் எடுக்க முற்பணம் கட்டலாமா?

கேள்வி: திருக்கோவிலில் எங்கள் வளவுக்குள் தொட்டி கட்டி, குளத்து மட்டியில் முத்து வளர்த்தோம். பயிற்சி தந்தவரே இப்போது வந்து, ‘ட்ரிபிள் ஏ’ சான்றிதழ் எடுத்து பஹ்ரேனுக்கு அனுப்பித் தருவதாகச் சொல்கிறார். அதற்கு முற்பணம் கேட்கிறார், முத்தையும் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். பணமும் கொடுக்காதீர்கள், முத்தையும் கொடுக்காதீர்கள்.

‘ட்ரிபிள் ஏ’ என்பது வியாபாரிகள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட தரப்பெயர். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவுகோல் அதற்குக் கிடையாது. ஒருவருடைய ‘ட்ரிபிள் ஏ’ இன்னொருவரிடம் வெறும் ‘ஏ’. அளவு, வடிவம், நிறம், ஒளிர்வு, மேற்பரப்பு, படலத்தின் (மட்டி சுரந்து படிய வைக்கிற பளபளப்பான அடுக்கு) தரம், சோடிப் பொருத்தம் ஆகிய ஏழையும் பார்த்துத்தான் முத்து தெரிந்தவர் விலை சொல்வார். நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. வெள்ளைத் துணியில் முத்தை வைத்து, மேலே எரிகிற டியூப் லைட்டின் பிம்பம் அதில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். கோடு கூர்மையாகத் தெரிந்தால் ஒளிர்வு நல்லது. பால் கலங்கினதுபோல் தெரிந்தால் எந்தச் சான்றிதழும் அதை உயர்த்தாது.

படலத்தின் தடிப்பைப் பற்றியும் உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். டஹிட்டி கறுப்பு முத்துக்குச் சொல்லப்படுகிற, படலம் குறைந்தது 0.8 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்ற கணக்கை இங்கே எல்லோரும் ஒப்புவிக்கிறார்கள். அந்தக் கடல் முத்துக்குள் சிப்பி ஓட்டில் கடைந்த உருண்டைக் கரு இருக்கும், அதன்மேல் படலம் எவ்வளவு படிந்தது என்பதே அந்தக் கணக்கு. நன்னீர் மட்டியில் இன்னொரு மட்டியின் சதைத் துண்டை மட்டும் வைத்து வளர்த்தால் உள்ளே உருண்டை எதுவும் இல்லை. முத்து முழுக்கவே படலம், அதற்கு இந்த அளவு பொருந்தாது. ஆனால் உங்களுக்குப் பயிற்சி தந்தவர் பூ, பிள்ளையார் என்று அச்சு வார்த்து ஓட்டுக்கும் சதைக்கும் இடையில் செருகியிருந்தால் கதை வேறு. அச்சின்மேல் மெல்லிய படலம் மட்டுமே படிந்திருக்கும். அவசரப்பட்டு எடுத்திருந்தால் அது உரியும். அதை முழு முத்து என்று விற்கக்கூடாது, உள்ளே அச்சு இருக்கிறது என்று சொல்லியே விற்க வேண்டும். ஆகவே உள்ளே என்ன வைத்தார் என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அதோடு பேச்சை முடித்துவிடுங்கள்.

அப்புறம் பஹ்ரேன். இயற்கை முத்தின் பெயரைக் காப்பதற்காக வளர்ப்பு முத்து வியாபாரத்தை நெடுங்காலமாகவே தடுத்து வைத்திருக்கும் நாடு அது. அங்கே அனுப்புவதாக ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு விசயம் தெரியாது, அல்லது விலைப்பட்டியலில் ‘இயற்கை முத்து’ என்று எழுதப் போகிறார். எக்ஸ்ரே எடுத்தால் உள்ளமைப்பு தெரிந்துவிடும். பொருள் உங்கள் பெயரில் போனால் மாட்டிக்கொள்வதும் நீங்கள்தான். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் ‘நன்னீர் வளர்ப்பு முத்து’ என்று முழுதாக எழுதுங்கள். மருந்து போட்டு வெளுக்க வைத்திருந்தாலோ சாயம் ஏற்றியிருந்தாலோ அதையும் எழுதுங்கள். சுங்கக் குறியீட்டிலும் இயற்கை முத்துக்கு 7101.10, வேலைப்பாடு செய்யாத வளர்ப்பு முத்துக்கு 7101.21, வேலைப்பாடு செய்ததற்கு 7101.22 என்று தனித்தனி எண்கள் உண்டு. உப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவியது வேலைப்பாட்டில் சேராது, துளையிட்டால் சேரும்.

அனுமதி விசயத்தில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு, வரி இலக்கம், சுங்கத்தில் ஏற்றுமதியாளர் பதிவு, மட்டி வளர்ப்புக்கு நக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) என்று வரிசையாகப் போக வேண்டும். இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையிடம் உங்கள் பொருளை விபரித்து, என்ன அனுமதி வேண்டும் என்று கடிதத்தில் கேட்டு, பதிலையும் கடிதத்திலேயே வாங்குங்கள். வாய்ப்பேச்சு நாளைக்கு உதவாது. ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரைக் கைகாட்டும், அங்கே போனால் கொழும்பைக் கைகாட்டுவார்கள். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கச்சேரியில் ஒட்டி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். நன்னீர் முத்துச் சந்தை சீனாவின் கையில் இருக்கிறது, அவர்கள் குவித்து விற்கிறார்கள். சில நூறு முத்தோடு ஏற்றுமதிச் செலவுக்குள் இறங்கினால் கைக்காசு கரையும். பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் வருகிற வெளிநாட்டவருக்குத் தோடாகவோ பதக்கமாகவோ கட்டி விற்கப் பாருங்கள். நல்ல ஒளிர்வுள்ளதை மட்டும் பொறுக்கி, மில்லிமீற்றர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பையிலும் எடுத்த திகதியை எழுதி வையுங்கள். வெளிநாட்டுக் கொள்வனவாளர் உண்மையிலேயே இருந்தால், அவருடைய பெயரும் முகவரியும் போட்ட கொள்வனவுக் கட்டளையை உங்கள் பெயருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது வந்த பிறகு மாதிரிக்கு நாலைந்து முத்து அனுப்பலாம்.