கடைசி வரை யாரோ

அன்புள்ள ஐயா,

'பாத காணிக்கை' படத்தில் வரும் 'வீடு வரை உறவு' எனக்கு உயிரான பாட்டு. போன வாரம் நண்பர் ஒருவர், "அது பட்டினத்தார் சொன்னது, கண்ணதாசன் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்" என்றார். மனம் ஒப்பவில்லை. உண்மைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எடுத்தது உண்மை. 'அப்படியே' என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

பட்டினத்தார் பாட்டு இப்படித் தொடங்குகிறது: 'அத்தமும் வாழ்வும் அகத்து மட்டே.' அத்தம் என்றால் பொருள், செல்வம். அது வீட்டோடு நின்றுவிடும். கண்ணீர் வடிக்கும் பெண்கள் வீதி மட்டே, தலையில் கைவைத்து அழும் பிள்ளைகள் சுடுகாடு மட்டே. அதன்பின் 'பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே' என்று முடிக்கிறார். இந்தப் படிவரிசை அவருக்கு மட்டும் உரியதும் அல்ல. செல்வம் மண்ணில், மாடு தொழுவத்தில், மனைவி வாசலில், சுற்றம் மயானத்தில், உடல் சிதையில், அப்பால் வினையோடு உயிர் தனியே என்று வடமொழியிலும் ஒரு சுபாஷிதம், அதாவது நீதிச் செய்யுள், உண்டு.

இனி கண்ணதாசனைப் பாருங்கள்: 'வீடு வரை உறவு, வீதி வரை மனைவி, காடு வரை பிள்ளை, கடைசி வரை யாரோ.' வீடு, வீதி, காடு மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஆனால் முதல் படியில் செல்வம் இல்லை, அங்கே உறவு வந்து நிற்கிறது. சின்ன மாற்றம்போலத் தோன்றும். எனக்கு இதுதான் பாட்டின் உயிர்நிலை. உறவு, மனைவி, பிள்ளை என்று மூன்று படியிலும் மனிதர்களையே நிறுத்திவிட்டதால், நான்காவது படியிலும் நாம் ஒரு மனிதரைத்தான் தேடுகிறோம். 'எதுவோ' என்று அங்கே கேட்க முடியாது. 'கடைசி வரை யாரோ' என்றுதான் கேட்க முடியும். பட்டினத்தாரிடம் தயாராக இருந்த புண்ணிய பாவம் என்ற பதிலை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை.

சரணத்திலும் இதே கதைதான். 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே' என்பது பட்டினத்தாரின் இன்னொரு வாக்கு. 'வாராது' என்ற அந்தத் தீர்ப்பு, 'கூடிவரும் கூட்டம் கொள்ளி வரை வருமா' என்று கேள்வியாகிவிடுகிறது. (அந்த 1962ஆம் ஆண்டிலேயே 'பட்டினத்தார்' படமும் வந்தது. அதில் பட்டினத்தாராக நடித்தவர் இந்தப் பாட்டைப் பாடிய டி.எம். சௌந்தரராஜன்தான்! நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.)

யாப்பையும் கவனியுங்கள். பட்டினத்தார் பாட்டு கட்டளைக் கலித்துறை என்ற, எழுத்தெண்ணிப் பாடும் பாவகை. ஒற்றை, அதாவது புள்ளி எழுத்தை, நீக்கி எண்ணினால் அடிக்குப் பதினாறு எழுத்து. கண்ணதாசன் ஆறேழு எழுத்தில் அடியை முடித்துவிடுகிறார். கட்டளைக் கலித்துறை ஏகாரத்தில்தான் முடிய வேண்டும் என்பது விதி. 'மட்டே, மட்டே' என்று உறுதி சொல்லிக்கொண்டே வந்து 'பாவமுமே' என்று பட்டினத்தார் கதவைச் சாத்துகிறார். கண்ணதாசன் முடிப்பது ஓகாரத்தில். தமிழில் அது ஐயத்துக்கு உரிய எழுத்து. அடுத்த முறை கேட்கும்போது, 'யாரோ' என்பதில் அந்த ஓகாரத்தை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.