புதிய மூட்டுவாத மருந்துகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முடக்குவாதத்துக்கு அடலிமுமாப் ஊசி போட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. வலி பாதிதான் குறைந்திருக்கிறது. மருந்து பலிக்கவில்லையா?

பதில்: பாதி குறைந்ததே நல்ல பலன்தான். அடலிமுமாப் போல, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகளின் ஆய்வுகளில், ஆறு மாதத்தில் நோய் பாதியாகக் குறைந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 40 பேர். 70 சதவீதம் குறைந்தவர்கள் 20 பேர்தான். அதுவும் ஆய்வுக்கென்றே தேர்ந்தெடுத்தவர்களிடம். நாங்கள் தினமும் பார்ப்பவர்களில் பலருக்கு வேறு நோய்களும் உண்டு. வயதோ எடையோ கூடுதல். புகைப்பவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் இந்த ஊசி அவ்வளவாகக் கேட்பதில்லை.

மிச்சமிருக்கும் வலி எப்படிப்பட்டது என்று பாருங்கள். விரல் கணுக்களில் வீக்கம் இருக்கிறதா? காலையில் கை மடக்க வரவில்லையா? அப்படியானால் நோய் இன்னும் அடங்கவில்லை. ஆறு மாதத்திலும் இதே நிலை என்றால் மருந்தை மாற்ற வேண்டியதுதான். வீக்கமெல்லாம் வற்றி வலி மட்டும் என்றால் மூட்டுத் தேய்மானமாகவும் இருக்கலாம். அதற்கு எந்தப் புது ஊசியும் உதவாது.

அப்புறம், மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை விட்டுவிட்டீர்களா? ஊசி வந்ததும் பலர் செய்யும் காரியம் இது. ஊசிக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குவதை மட்டுப்படுத்துவதே அந்த வாரம் ஒருநாள் மாத்திரைதான்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, புகைப்பழக்கம் உண்டு. ஊசிக்குப் பதில் டோஃபாசிட்டினிப் மாத்திரை தரலாமா?

பதில்: நானாக இருந்தால் முதலில் ஊசியைத்தான் யோசிப்பேன். ஐம்பது வயதைத் தாண்டிய, இதயநோய் அபாயக் காரணி ஒன்றாவது உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. டிஎன்எஃப் ஊசி போட்டவர்களைவிட இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் கூடுதலாக வந்தன. அக்கியும் இதில் அதிகம். வேறு வழியில்லாதபோது கொடுக்கிறோம், கண்காணிப்போடு. எதைத் தொடங்கினாலும் காசநோய்ப் பரிசோதனை முதலில்.

கேள்வி: இன்ஃப்ளிக்ஸிமாப்புக்குப் பதில் பயோசிமிலர் போடச் சொல்கிறார்கள். தரம் குறையுமா?

பதில்: குறையாது. இன்ஃப்ளிக்ஸிமாப்பும் ஒரு டிஎன்எஃப் ஊசிதான்; அதை ஒத்ததாக வேறு நிறுவனம் தயாரிப்பதே பயோசிமிலர். நார்வேயில் 482 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஓராண்டில் நோய் கூடியவர்கள் பழைய மருந்தில் 26 சதவீதம், மாறியவர்களில் 30. ஏறக்குறைய ஒன்றுதான்.

கேள்வி: ஒரு வருடமாக வலியே இல்லை. ஊசியை நிறுத்திவிடலாமா?

பதில்: சட்டென்று நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பிவிடுகிறது. மருத்துவரிடம் பேசி ஊசிகளுக்கு இடையிலான நாட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதைத்தான் முதலில் விட வேண்டும்.